உப்புத் தண்ணீர்

தண்டையார்பேட்டை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மாலதி,

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகம்தானே? போன் போட்டால் "அப்புறம் கூப்பிடறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர் சமாச்சாரம். போன தீபாவளிக்கு வந்தபோது பாப்பா ராத்திரியெல்லாம் கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். தலைமுடி கொட்டுகிறது என்று நீயும் இரண்டாம் நாளே பையைக் கட்டிவிட்டாய். இனி அந்தக் கவலை வேண்டாம். போர் தண்ணீருக்கு மெஷின் போட்டாயிற்று. மொட்டை மாடியில் கேஸ் சிலிண்டர் மாதிரி நிற்கிறது. உள்ளே ஜவ்வரிசி மாதிரி ஏதோ இருக்கிறதாம், அது சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வாரத்துக்கு ஒரு தடவை உப்பு கரைத்து விட்டு அதைக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீருக்கு உப்பாலேயே வைத்தியம்! முதல் இரண்டு வாரம் தம்பி செய்தான். அப்புறம் நான்தான் முட்டிவலியோடு ஏறுகிறேன்.

மாட்ட வந்த பையன் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டான், டிடிஎஸ் 1,650 காட்டியது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு எல்லாம் சேர்ந்த கணக்காம் அது. குடிக்க 500-க்குள் இருந்தால்தான் நல்லதாம். "குடிக்கிறதுக்கு இது இல்லம்மா, இதுல டிடிஎஸ் குறையாது, சோப்பு நுரைக்கும், அவ்வளவுதான்" என்று அவனே சொல்லிவிட்டான். நேர்மையான பையன். போன வருஷம் ஆர்ஓ மாட்டியவன் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாகப் போகும் என்பதையும் சொல்லவில்லை. அதை வாளியில் பிடித்து பாத்ரூம் கழுவுகிறேன். குடிக்க, சமைக்க மெட்ரோ வாட்டர்தான். 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்க ஆரம்பித்த பிறகு நம் பக்கம் பரவாயில்லை, காலையில் வந்துவிடுகிறது. போர்தான் வருஷத்துக்கு வருஷம் மோசம். பக்கத்திலேயே கடல், ஆளாளுக்கு உறிஞ்சினால் உப்பு உள்ளே வராமல் என்ன செய்யும்?

நேற்று ஹீட்டர் ராடை எடுத்துப் பார்த்தேன். எலும்பு மாதிரி வெள்ளை வெளேரென்று தடித்துப்போயிருந்தது. கத்தி முனையால் தட்டினால் முட்டை ஓடு போல ஏடு ஏடாக விழுகிறது. புளித் தண்ணீரில் ஊறப்போட்டேன், நுரை நுரையாகப் பொங்கி ராத்திரிக்குள் பாதி போய்விட்டது. மீதியை இன்றைக்குத் தேய்க்க வேண்டும்.

பாப்பாவுக்கு சோப்பு அதிகம் போடாதே. இந்தத் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகத் திரண்டு தோலிலேயே உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் அந்த வறட்சி. பாசிப்பயறு மாவு போதும். தலைக்கு எண்ணெய் வை. ஆனால் உன் வீட்டுக் குழாயில்தான் சிறுவாணி வருகிறதே, உனக்கு எதற்கு இதெல்லாம்? நானாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் சொந்த வீடு, உன் சம்பாத்தியத்தில் பாதி. தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. என்ன, கிரகப்பிரவேசத்துக்குப் பெற்றவளை நாலே நாள் முன்னால்தான் கூப்பிட்டாய். சரி, விடு.

போனில் கடைசியாக ஒன்று சொன்னாயே. "உனக்குத்தான் தம்பி இருக்கானே" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

2004 மார்ச். ஏரி எல்லாம் வறண்டு லாரித் தண்ணீர்தான். உனக்கு மறுநாள் கெமிஸ்ட்ரி. ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வருகிறது என்று பக்கத்து வீட்டு ஆயா கதவைத் தட்டியது. தம்பி அப்போது எட்டாவது, அவனுக்குப் பரீட்சைகூட இல்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் குறுக்கே படுத்திருந்தான். அவனை எழுப்பவே இல்லை நான். அவனைத் தாண்டி உள்ளே வந்து உன்னைத்தான் தட்டி எழுப்பினேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை, குடத்தோடு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாய். தெருவிளக்கு அடியில் குடத்து மேல் உட்கார்ந்து "கடின நீர், கால்சியம், மெக்னீசியம்" என்று முணுமுணுத்தாய். எனக்கு அந்த வார்த்தைகள் தெரிந்ததே அன்றைக்குத்தான். லாரி நாலரைக்கு வந்தது.

கெமிஸ்ட்ரியில்தான் மார்க் போனது. கட்-ஆஃப்பும் போனது. "தலையெழுத்து" என்றேன், ஊருக்கும் அப்படியே சொன்னேன். தலையெழுத்து இல்லை மாலதி. ஆம்பிளைப் பிள்ளை தூங்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அப்பாவுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை.

தம்பிக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது.

அரையாண்டு லீவு என்றைக்கு விடுகிறார்கள் என்று மட்டும் சொல். மெஷின் இருந்தாலும் பாப்பா குளிக்க மெட்ரோ தண்ணீரே இருக்கட்டும், முந்தின நாளே நீல டிரம்மைக் கழுவிப் பிடித்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா