பள்ளி லினக்ஸ் கணினியை வீட்டிலிருந்தும் திறக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். பிளஸ் 2 பாடத்தில் பைத்தான் என்ற நிரல் மொழி இருக்கிறது, ஆய்வகத்தில் லினக்ஸ் இயங்குதளமும் இருக்கிறது. ஆனால் மணி அடித்ததும் பிள்ளைகள் பாதி எழுதிய புரோகிராமைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வீட்டில் அண்ணனின் பழைய லேப்டாப்பில் பைத்தான் இருக்காது. பிரவுசிங் சென்டரில் செருகினால் பென்டிரைவ் வைரஸோடு திரும்பும்.

இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரே கணினியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய லினக்ஸ் இடம் கொடுக்கிறது. எக்ஸ்2கோ என்ற இலவச மென்பொருளைப் பள்ளி சர்வரில் (எல்லோருக்கும் பொதுவான மையக் கணினியில்) நிறுவினால், வெளியே விண்டோஸ் கணினியிலிருந்தும் அவரவர் டெஸ்க்டாப்பைத் திறக்கலாம். பள்ளியிலும் எக்ஸ்2கோ வழியாகவே செய்து பாதியில் நிறுத்திய வேலையை இரவு வீட்டில் திறந்தால், கர்சர் விட்ட வரியிலேயே நிற்கும். இணையம் மெதுவாக இருந்தாலும் சமாளிக்கும். க்னோம் போன்ற கனமான டெஸ்க்டாப் இதற்கு ஒத்துவராது, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் போதும்.

உண்மையான சிக்கல் வேறு. எனக்குத் தெரிந்த ஆய்வகங்களில் எல்லோருக்கும் சேர்த்து 'ஸ்டூடண்ட்' என்று ஒரே கணக்கு, பாஸ்வேர்டு கரும்பலகையில். ஒருத்தி ரெக்கார்டுக்கு எழுதி வைத்ததை இன்னொருவன் தெரியாமல் அழித்துவிடுகிறான். யார் செய்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இப்படிப்பட்ட கணக்கை இணையத்தில் திறந்துவிடவே கூடாது. எக்ஸ்2கோ வெளியிலிருந்து நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் என்ற வழியின் வாசலை (போர்ட்டை) இணையத்தில் திறந்த கொஞ்ச நேரத்திலேயே எங்கிருந்தோ பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே ஆளுக்கொரு கணக்கு வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பதில், அவரவர் கணினியில் வைத்திருக்கும் சாவிக் கோப்பு மூலம் மட்டுமே நுழைய விட வேண்டும். சர்வரில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 21.04க்கு முந்தைய பதிப்பாக இருந்தால், ஒருவர் தன் கோப்புகளை வைக்கும் ஹோம் ஃபோல்டரை மற்றவர் படிக்கும்படிதான் கணக்குகள் உருவாகும். அதையும் மாற்றிவிட வேண்டும். நூறு கணக்கானாலும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் முடிகிற வேலைதான் இது.

பல பிராட்பேண்ட் இணைப்புகளில் தனிப் பொது முகவரி தருவதில்லை, அதனால் வெளியிலிருந்து பள்ளி சர்வரை நேரடியாக எட்ட முடியாது. பொது முகவரியுள்ள சிறிய வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைத்து, வயர்கார்டு என்ற பாதுகாப்பான இணைப்பு மென்பொருள் மூலம் பள்ளி சர்வரோடு இணைத்தால் சரியாகிவிடும். 2020இல் வந்த 5.6 பதிப்பு முதல் வயர்கார்டு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

வீட்டில் கைபேசி மட்டுமே உள்ள பிள்ளைகளுக்கு இது போதாது என்பது தெரியும். அவர்களுக்காகக் கிளை நூலகக் கணினிகளில் பள்ளி சர்வரோடு இணைக்கும் எக்ஸ்2கோ கிளையன்ட் மென்பொருளை நிறுவித் தரலாம்.

தலைமையாசிரியர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆளுக்கொரு கணக்கு கட்டாயம், வெளியிலிருந்து நுழைய இன்ன முறை மட்டும், பராமரிப்புப் பொறுப்பு இன்னாருக்கு என்று கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். பிப்ரவரி செய்முறைத் தேர்வுக்கு முன் வந்தால் இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கே உதவும்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்