மஞ்சள் கேசட்

ஸ்கார்பரோ, கனடா,
2019 பிப்ரவரி, ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் இங்கே சுகம். அம்மா, தங்கச்சி, நீ எல்லோரும் சுகம்தானே? போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் உன் பாட்டுக் குழுக் கூட்டாளியோடு நீ போட்ட சண்டையைப் போனில் எடுத்தால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கி "சாப்பிட்டியா" என்று கேட்டு முடித்துவிடுவாள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு நீதான் வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். அவளுக்கு வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன். நேற்றுக் காலை இங்கே மைனஸ் 18. வெளியே இறங்கி மூச்சை இழுத்தால் மூக்குக்குள் மயிர் விறைத்துக்கொண்டு குத்துகிறது. இருமல் கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். வீட்டுப் பக்கத்திலேயே யாழ்ப்பாணத்துக்காரர் கடை இருக்கிறது. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். கறிவேப்பிலைக்கு மட்டும் காசு கேட்கிறார்கள்; அதற்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. அவர்கள் பேசுவது முதல் மாதம் பாதிதான் புரிந்தது. இப்போது யாராவது ஏதாவது கேட்டால் எனக்கே "ஆமாம்" என்பதற்கு "ஓம்" என்று வாயில் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு இது போதும். இனி வருவது உனக்கு.

நான் வேலை பார்க்கிற குடோனில் ஷிப்டு முடிய ராத்திரி இரண்டு மணி ஆகும். எங்கள் சூப்பர்வைசருக்கு ஐம்பது வயசு. ஸ்கார்பரோவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். அவர் வீடும் என் வழியில்தான் என்பதால் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். காருக்கு என் வயசில் முக்கால்வாசி இருக்கும். அதில் கேசட் பிளேயர் இருக்கிறது. நம்ம ஊர் டீக்கடையில்கூட இப்போது கேசட் கிடையாது, இவர் கனடாவில் கேசட் போடுகிறார்! மஞ்சள் அட்டை போட்ட ஒரே கேசட், அதில் ஐந்தே பாட்டு. டிசம்பரிலிருந்து தினம் ராத்திரி அதைத்தான் கேட்கிறேன். கேட்கக் கேட்க அந்தக் குழுவின் கதையையும் துண்டு துண்டாகச் சொல்லிவிட்டார். மீதியை நான் தேடிப் படித்தேன். உன் சண்டையைப் பற்றித் தங்கச்சி சொன்ன அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது இந்தக் கதைதான்.

குழுவின் பெயர் பேர்நேக்கட் லேடீஸ். அர்த்தம் 'அம்மணப் பெண்கள்' என்று உனக்கே தெரியும். அம்மாவுக்கு வாசிக்கும்போது "ஏதோ ஒரு பாட்டுக் குழு" என்று சொல்லித் தாண்டிவிடு. குழுவில் ஒரு பெண்கூடக் கிடையாது. எட் ராபர்ட்சன், ஸ்டீவன் பேஜ் என்று இரண்டு பையன்கள். நான் தினம் பஸ்ஸில் கடக்கிற இதே ஸ்கார்பரோவில், வோபர்ன் என்கிற உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். 1988-இல் பாப் டிலன் என்கிற அமெரிக்கப் பாடகரின் கச்சேரிக்குப் போன இடத்தில் சலித்துப்போய், இல்லாத குழுக்களுக்குப் பெயர் வைத்து விளையாடினார்களாம். அப்போது வாயில் வந்த பெயர்களில் ஒன்று இது. கொஞ்ச நாளில் ராபர்ட்சன் வாசிப்பதாக ஒத்துக்கொண்டிருந்த தர்மக் கச்சேரி ஒன்று வந்தது, அதற்குள் அவருடைய பழைய குழு கலைந்துபோயிருந்தது. "புதுசா ஒரு குழு வைத்திருக்கிறேன்" என்று அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பேஜைக் கூப்பிட்டார். 1988 அக்டோபர் 1, டொராண்டோ நகரசபைக்கு முன்னால் இருக்கும் நேதன் பிலிப்ஸ் சதுக்கம். கிடாரும் வாயும் மட்டும். நீயும் உன் கூட்டாளியும் மாரியம்மன் கொடைக்கு வர வேண்டிய குழு வராதபோது ஒரு கீபோர்டும் ஒரு மைக்கும் வைத்து ஒப்பேற்றினீர்களே, அது மாதிரி.

பிறகு மூன்று பேர் சேர்ந்தார்கள். ஜிம், ஆண்டி கிரீகன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்புறம் 1990-இல் டிரம்ஸுக்கு டைலர் ஸ்டூவர்ட். இங்கே அப்போது ஒரு டிவிக்காரர்கள் நிலையத்துக்கு வெளியே, தெருவோரம் ஒரு பெட்டி மாதிரி அறை வைத்திருந்தார்களாம். ஒரு டாலர் நாணயம் போட்டால் கேமரா ஓடும், என்ன வேண்டுமானாலும் பேசலாம். இந்த ஐந்து பேரும் அதற்குள் இடித்துப் பிடித்து நுழைந்து ஒரு பாட்டைப் பாடிவிட்டு வந்தார்கள். டிவியில் அது திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு டாலர் விளம்பரம்! 1991-இல் அந்த மஞ்சள் கேசட் வந்தது. கம்பெனி எதுவும் வெளியிடவில்லை. கச்சேரி முடிந்து மேடைக்குக் கீழே விற்றார்கள், கடைகளில் கொடுத்து விற்றார்கள். கனடாவில் சொந்தமாகப் போட்ட கேசட் ஒன்று ஒரு லட்சத்தைத் தாண்டி விற்றது அதுதான் முதல் தடவை.

அதில் நகரசபைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வருஷப் புத்தாண்டு இரவுக்கு அதே நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் பாட இவர்கள் பெயரும் பேச்சில் இருந்தது. பெயர் பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்று நகரசபை எடுத்துவிட்டது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. யாருக்கும் தெரியாத பையன்களை ஊருக்கே தெரியவைத்தது அந்தத் தடைதான். முதல் மேடை போட்ட இடத்திலேயே மேடை இல்லை என்றார்கள், அதனாலேயே கேசட் பறந்தது. சூப்பர்வைசர் இந்த இடத்தைச் சொல்லும்போது ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். ரோட்டில் பனி வழுக்கும், எனக்கு வயிற்றைக் கலக்கும்.

போன மாதம் லீவு நாளில் அந்தச் சதுக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு வளைந்த கட்டிடம், நடுவில் தட்டு கவிழ்த்த மாதிரி ஒரு சபை மண்டபம். கோடையில் தண்ணீர் நிற்கிற குளம் குளிர்காலத்தில் பனித்தளம். சின்னப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஒரு பாட்டி என்னைத் தாண்டி ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டு போனாள். சரி, அதை விடு.

1992-இல் முதல் முழு ஆல்பம், பெயர் கார்டன். கனடாவில் அப்போது மூன்று கோடிப் பேர்கூட இல்லை. அதில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இங்கே ரேடியோவில் போடுகிற பாட்டில் குறிப்பிட்ட பங்கு கனடாக்காரர்களுடையதாக இருக்க வேண்டும் என்று 1971-லிருந்து சட்டம் இருக்கிறது. முதலில் நூற்றுக்கு 30, இப்போது 35. பக்கத்து வீட்டு அமெரிக்கா இவர்கள் காதை மொத்தமாக அடைத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் சட்டத்தால் வாசல் திறந்தது என்று சொல்லலாம். உள்ளே போய் உட்கார்ந்தது இவர்கள் சாமர்த்தியம். என்னிடம் பத்து லட்சம் டாலர் இருந்தால் என்னென்ன வாங்குவேன் என்று ஒரு பாட்டு. ராபர்ட்சன் ஒரு வரி, பேஜ் ஒரு வரி, நடுநடுவே இரண்டு பேரும் வெட்டிப் பேச்சு. அதில் பாக்கெட்டில் வருகிற சீஸ் மக்ரோனியைப் பற்றி ஒரு பேச்சு வரும். இங்கே அது நம்ம ஊர் மேகி மாதிரி, பேச்சிலர் சாப்பாடு. அந்த இடம் வந்ததும் கூட்டம் மேடை மேல் மக்ரோனிப் பெட்டிகளை வீசும். எத்தனை இடத்தில் தெரியுமா? கடைசியில் குழுவே "வீசாதீர்கள், ஏழைகளுக்கான உணவு வங்கிக்குக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டது.

நம்ம ஊரில் முதல் படம் ஓடியவனை அடுத்த படத்துக்கு எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் இங்கேயும். 1994-இல் இரண்டாவது ஆல்பம் கொஞ்சம் அடக்கமாக வந்தது. ஜோக் அடிக்கிற பையன்கள் என்று நினைத்து வந்த கூட்டத்துக்கு ஜோக் போதவில்லை. அப்போது ஊரெல்லாம் கிழிந்த ஜீன்ஸும் கத்தலுமான கிரஞ்சு பாட்டு வேறு. 1995-இல் தம்பி ஆண்டி விலகிவிட்டார், அண்ணன் ஜிம் இருந்தார். கவனித்தாயா, தம்பி போனதற்காக அண்ணன் குழுவை உடைக்கவில்லை. கீபோர்டுக்கு கெவின் ஹேர்ன் வந்தார். கனடா கைவிட்டதும் அமெரிக்காவுக்குப் போய்ச் சின்னச் சின்ன கிளப்களில் வாசித்தே திரும்ப ஏறி வந்தார்கள்.

1998-இல் ஸ்டண்ட் என்று ஓர் ஆல்பம். அதில் மூச்சு விடாமல் பேச்சும் பாட்டுமாக ராபர்ட்சன் கொட்டித் தீர்க்கிற ஒரு பாட்டு, 'ஒன் வீக்'. பேஜ் நடுவில் வந்து பல்லவியை உயர்த்திப் பிடிப்பார். அக்டோபரில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். எத்தனை நாள் இருந்தது தெரியுமா? சரியாக ஒரே வாரம்! பாட்டுக்குப் பெயர் வைக்கும்போது யோசிக்க வேண்டும் தம்பி.

உச்சிக்குப் போன அதே சமயத்தில்தான் கெவின் ஹேர்னுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றி, பிழைத்துத் திரும்ப வந்து வாசித்தார், இன்றைக்கும் வாசிக்கிறார். ஒரு பக்கம் பாட்டு முதலிடம், இன்னொரு பக்கம் கூட்டாளி ஆஸ்பத்திரியில். அந்த வருஷத்தை அவர்கள் எப்படிக் கழித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த வருஷம்தான் ஸ்கார்பரோவும் தனி நகரமாக இல்லாமல் டொராண்டோவோடு சேர்க்கப்பட்டது. சூப்பர்வைசருக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. முகவரியில் இன்னமும் ஸ்கார்பரோ என்றே எழுதுவார். நானும் அதைப் பார்த்துத்தான் மேலே அப்படி எழுதியிருக்கிறேன்.

இறக்கம் ஒரே நாளில் வரவில்லை. 2000-இல் வந்த ஆல்பம் நன்றாகவே போனது. 2003-இல் வந்தது போகவில்லை. பெரிய கம்பெனியை விட்டுத் தாங்களே போட்டுக்கொண்டார்கள், மஞ்சள் கேசட் காலம் மாதிரி. ஆனால் அப்போது இருபது வயசு, இப்போது பிள்ளைகுட்டி. 2007-இல் ஒரு அமெரிக்க டிவித் தொடருக்கு ராபர்ட்சன் தலைப்புப் பாட்டு எழுதினார். தி பிக் பேங் தியரி. உன் லேப்டாப்பில் நீ பார்த்துச் சிரிப்பாயே, அதேதான். அந்தப் பாட்டு இவர்களுடையது என்று எனக்கே இங்கே வந்துதான் தெரியும். 2008 மே மாதம் சின்னப் பிள்ளைகளுக்காக ஓர் ஆல்பம் போட்டார்கள். ஜூலையில் பேஜ் நியூயார்க் மாநிலத்தில் போதைப்பொருள் வழக்கில் கைதானார். பிள்ளைகள் ஆல்பத்துக்கும் அந்தச் செய்திக்கும் நடுவில் சில வாரம்தான். (வழக்கு அப்புறம் பெரிதாகப் போகவில்லை.) ஆகஸ்டில் ராபர்ட்சன் ஓட்டிய, தண்ணீரில் இறங்குகிற சின்ன விமானம் விழுந்தது, உள்ளே இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2009 பிப்ரவரியில், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு பேஜ் விலகுவதாக அறிவிப்பு வந்தது.

சூப்பர்வைசர் இந்த இடத்துக்கு வந்தால் பேச மாட்டார், கேசட்டைத் திருப்பிப் போடுவார். ஒரு தடவை மட்டும் சொன்னார்: மற்ற நால்வரும் இன்னும் ஊர் ஊராகப் பாடுகிறார்கள், நானும் போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் பாடுகிறார்கள், ஆனால் அந்தப் பத்து லட்சம் டாலர் பாட்டில் ராபர்ட்சன் ஒன்றைக் கேட்டுவிட்டு நிறுத்துவாரே, பதில் சொல்ல அந்த ஆள் இல்லை. அவர் சொன்னது அவ்வளவுதான். 2015-இல் பேஜ், அந்த டிவிப் பாட்டு வருமானத்தில் தனக்குச் சேர வேண்டிய பங்கு வரவில்லை என்று ராபர்ட்சன் மேல் வழக்கே போட்டார். யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. உங்கள் மைக் செட் விவகாரத்திலும் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்கு அட்வான்ஸ் கொடுத்தது நீ, மீதிக் கடனை அடைத்தது அவன் என்று தங்கச்சி சொன்னாள்.

போன வருஷம் மார்ச்சில் வான்கூவரில் ஜூனோ என்கிற இசை விருது விழா நடந்தது. இந்தக் குழுவைக் கனடா இசைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். பேஜையும் கூப்பிட்டார்கள், வந்தார். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் எல்லோரும் ஒரே மேடையில். நான் அதை யூடியூபில் பார்த்தேன். அந்தப் பத்து லட்சம் டாலர் பாட்டு வந்தது. ஒருவர் வரி, இன்னொருவர் வரி. முகத்தைப் பார்த்தால் சமாதானம் ஆனதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை, ஆனால் யாரும் தன் இடத்தைத் தவறவிடவில்லை. பாடிவிட்டு அவரவர் வழியில் போய்விட்டார்கள். பேஜ் தனியாகப் பாடுகிறார், இவர்கள் நால்வராகவே இருக்கிறார்கள்.

கீபோர்டுக்கு நீ கேட்ட பணத்தை வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன். உன் பெயருக்கு அனுப்பவில்லை, அம்மா கணக்குக்கு. அவளிடம் வாங்கிக்கொள். புதுக் குழு வைப்பது உன் இஷ்டம். மைக் செட்டைப் பிடுங்க ஆள் கூட்டிப் போகாதே, அது அவன் வீட்டிலேயே இருக்கட்டும்.

சித்திரைக் கொடைக்கு இந்த வருஷமும் கச்சேரி உண்டுதானே? யார் யார் வாசிக்கிறீர்கள் என்று எழுது. தங்கச்சியை வீடியோ எடுக்கச் சொல். சூப்பர்வைசர் கேட்டார், காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்.