வெள்ளத்துக்குப் பின் கணக்கெடுக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கணக்கெடுப்புப் படிவத்தைப் படித்தேன். தண்ணீர் எத்தனை அடி நின்றது, வீடு இடிந்ததா, என்னென்ன பொருள் போயிற்று, குடும்பத்தில் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்டிருக்கிறாய். தேவையான கேள்விகள்தான். ஆனால் எல்லாமே போனதைப் பற்றிய கேள்விகள். இந்த வீட்டுக்குள் அடுத்த பணம் எந்த மாதம் வரும், அதுவரை யாரிடம் கடன் வாங்கிச் சாப்பிடுவார்கள் என்ற இரண்டு கேள்விகள் இல்லை. அவற்றைச் சேர்த்துவிடு. ஒரே தெருவில் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் நின்ற இரண்டு வீடுகளில் ஒன்று பொங்கலுக்குள் எழுந்துவிடுவதும் இன்னொன்று அடுத்த பொங்கலுக்கும் எழாமல் கிடப்பதும் ஏன் என்பது இந்த இரண்டு பதில்களில்தான் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கடைமடையில் நடந்ததை எடுத்துக்கொள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரு பகலிலும் இரவிலும் கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஆறு கரை மீறியது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. இதெல்லாம் செய்தியில் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு ஏரல் கடைக்காரரும் ஆத்தூரில் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், வைத்திருப்பவரும் உப்பளத்துப் பெண்ணும் புன்னைக்காயல் மீனவரும் வேறு வேறு காலக் கணக்கில் நாட்களைத் தள்ளியது அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை.

உப்பளத்திலிருந்து தொடங்குகிறேன். வெளியாட்கள் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். டிசம்பரில் எப்படியும் உப்பு வேலை கிடையாதே, அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லை என்பது உண்மை. அதற்காகத்தான் அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. அந்த மூன்று மாதமும் தொழிலாளி குடும்பம் மளிகைக்கடைப் பற்றில் சாப்பிடும். ஜனவரியில் பாத்தி சீரமைக்கும் கூலி வந்ததும் கடனை அடைக்கத் தொடங்கும். வெள்ளம் அறுத்தது அந்த ஜனவரியைத்தான். உப்பளத்தை நடத்தும் அளக்காரர் மழைக்காலத்தில் நல்ல விலைக்கு விற்கலாம் என்று குவித்து, மூடி வைத்திருந்த உப்பு கரைந்துபோனது. அந்த உப்பை விற்ற பணத்தில்தான் அவர் சீரமைப்புக் கூலி கொடுப்பார். உப்பு போனால் கூலியும் போயிற்று.

பாத்தியைச் சரிசெய்வதும் லேசான காரியமில்லை. உவர்நீரின் செறிவைப் போமே டிகிரி என்ற அளவில் சொல்வார்கள். கடல் நீரின் செறிவு ஏறக்குறைய 3 டிகிரி. வெயிலில் சுண்டி 24, 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு இறங்கும். நல்ல தண்ணீர் புகுந்துவிட்டால் தேக்கி வைத்த உவர்நீர் முழுக்க நீர்த்துப்போகும். அதை வெளியேற்றிவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும். வெள்ளம் கொண்டுவந்த வண்டலைச் சுரண்டி எடுக்காவிட்டால் உப்பு மண் நிறத்தில் வரும், விலை போகாது. ஊறிய தரையைக் காயவிட்டு மறுபடி மிதித்து இறுக்க வேண்டும். இறுகாத தரையில் வாரினால் பலகையோடு சேறும் ஏறிவிடும். உடைந்த வரப்பு தனிக் கணக்கு. இவ்வளவும் முடிந்து உப்பு வார மார்ச்சைத் தாண்டிவிட்டால், மூன்று மாதத்துக்கென்று வாங்கிய பற்று ஐந்து, ஆறு மாதத்துக்கு நீளும். உப்பளத் தொழிலாளி வீட்டில் உன் படிவத்தின் கட்டத்தில் 'பொருள் சேதம்: பாய், பாத்திரம்' என்றுதான் பதிவாகும். மொத்த மதிப்பு சில ஆயிரம் ரூபாய். அதைப் பார்த்து அந்த வீட்டைப் பட்டியலின் அடியில் தள்ளிவிடாதே.

அந்தப் பற்று எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று யோசித்துப் பார். கடைக்காரரின் நோட்டில். கடைக்குள் தண்ணீர் புகுந்தால் அரிசி மூட்டை போகும், பருப்பு போகும், கூடவே அந்த நோட்டும் ஊறிப்போகும். நோட்டுப் போன கடைக்காரர் பழைய பாக்கியை வசூலிக்கவும் முடியாமல் புதுச் சரக்கு எடுக்கவும் முடியாமல் நிற்பார். அவர் பற்றுக் கொடுப்பதை நிறுத்தினால் அன்றைக்கே பத்துத் தொழிலாளி வீட்டில் அடுப்பு தடுமாறும். ஆகவே சிறு மளிகைக்கடையை 'வியாபாரி' என்று ஒதுக்காதே. அந்தத் தெருவின் கடன் வங்கி அது.

ஊறிய நோட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பால்பாயிண்ட், பென்சில் எழுத்து பெரும்பாலும் தண்ணீருக்கு நிற்கும். ஜெல் பேனா மை சிலவகை கரைந்துவிடும். ஈரமாக இருக்கும்போது தாளைப் பிரிக்கக் கூடாது, கிழியும். நோட்டை நிமிர்த்தி நிழலில், காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். தாள்கள் தானாக விலக ஆரம்பித்ததும் நடுநடுவே செய்தித்தாளைச் செருகி, நனைந்ததை எடுத்துவிட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். இரண்டு நாளுக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். மின்சாரம் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐஸ்பெட்டியின் உறையறையில் (ஃப்ரீசரில்) வைத்துவிட்டால், பிறகு நிதானமாகக் காயவைக்கலாம். பட்டா, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். காயத் தொடங்கியதும் ஒவ்வொரு பக்கமாக செல்போனில் படம் எடுத்துவிடு. பத்திரம் அடியோடு போயிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

ஏரல் கடைவீதி மாதிரியான இடத்தில் பெரிய கடைகளின் பிரச்சினை வேறு. பொங்கலுக்கு முந்தைய மாதம், கடை நிறையச் சரக்கு, அதில் பாதி கடன் சரக்கு. எவர்சில்வர் பாத்திரக் கடைக்காரர் கழுவித் துடைத்து விலை குறைத்தாவது விற்றுவிடுவார். துணிக்கடைக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்கும் அந்த வழி இல்லை. இவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நாற்றம் தாங்கவில்லை என்று சரக்கை வாரித் தெருவில் கொட்டிவிடாதீர்கள். வங்கியில் சரக்கின்மேல் கடன் வாங்கியிருந்தால் வங்கியே பல நேரம் காப்பீடு எடுத்திருக்கும், உரிமையாளருக்குத் தெரிந்தே இருக்காது. பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, அதில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். உடனே எழுத்தில் தகவல் கொடுத்து, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கெட்ட சரக்கை ஒரு மூலையில் தனியாக வைத்து, தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். கொள்முதல் பில், வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த இருப்புப் பட்டியல், ஜி.எஸ்.டி. கணக்கு ஆகியவை சாட்சி. அழிந்த சரக்கை வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை வரவாக எடுத்திருந்தால் (உள்ளீட்டு வரி வரவு) அதைத் திருப்ப வேண்டியிருக்கும். அதையும் நஷ்டக் கணக்கில் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விவசாயத்துக்கு வருகிறேன். 2023 வெள்ளத்துக்கு அரசு 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாயும் அறிவித்தது. இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று பார். வாழை போடுகிறவர்களில் நிறையப் பேர் குத்தகைக்காரர்கள். பட்டா வேறொருவர் பெயரில், அவர் சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பார். கன்று வாங்கியது, உரம் வைத்தது, முட்டுக் கொடுத்தது எல்லாம் குத்தகைக்காரர். நிவாரணம் பட்டாதாரர் கணக்குக்குப் போய்விட்டால் இவர் கையில் ஒன்றுமில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில், அதாவது சாகுபடிப் பதிவேட்டில், சாகுபடி செய்கிறவர் பெயர் இருக்கிறதா என்பதை உன் படிவத்தில் கேள். இல்லையென்றால் கணக்கெடுப்பு முடிவதற்குள் மனுக் கொடுக்க வைக்க வேண்டும், பிறகு பேசிப் பயனில்லை.

வாழைக்குத் தண்ணீர் இரண்டு மூன்று நாள் தேங்கினாலே வேர் மூச்சுமுட்டி அழுகும். மரம் நிற்கிறதே, பிழைத்துவிடும் என்று தோன்றும். பத்து நாள் கழித்து இலை மஞ்சளாகிச் சாயும். அதனால் வடிந்த மறுநாள் எடுத்த சேதக் கணக்கு வாழையில் எப்போதும் குறைவாகவே வரும். இரண்டாம் பார்வை கட்டாயம் வேண்டும். மறுபடி கன்று வைத்தால் தார் வெட்டப் பத்து, பன்னிரண்டு மாதம்.

கொடிக்கால் இன்னும் நீண்ட கதை. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது, அதே ஆண்டின் கடைசியில் தோட்டங்கள் மூழ்கின. வெற்றிலை அகத்தியில் படரும் கொடி. முதலில் அகத்தி விதைத்து, அது எழுந்த பிறகுதான் கொடி நட வேண்டும். நட்ட பிறகும் இலை கிள்ளச் சில மாதம் ஆகும். தண்ணீர் தேங்கிய மண்ணில் அடியழுகல் நோய் வாய்க்கால் வழியே தோட்டம் தோட்டமாகப் பரவும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் விதைக்கொடி. நடுவதற்கு வேண்டிய கொடித்துண்டு நோயில்லாத பழைய கொடிக்காலிலிருந்துதான் வர வேண்டும். சுற்றுவட்டாரம் முழுக்க ஒன்றாக மூழ்கியிருந்தால் துண்டுக்கு எங்கே போவார்கள்? இவர்களுக்குப் பத்துக் கிலோ அரிசி கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். மேட்டில் தப்பிய ஒரு தோட்டத்திலிருந்து விதைக்கொடி ஏற்பாடு செய்து வண்டி வாடகை கொடுத்தாயானால் ஒரு வருடத்தையே கொடுத்ததாக இருக்கும். கொடிக்காலை நம்பித் தினமும் இலை கிள்ளி, அடுக்கிக் கட்டும் கூலிக்காரர்களையும் மறக்காதே. அவர்கள் எந்த அடங்கலிலும் இல்லை.

மாடு, ஆடு போன வீடுகளில் சான்றுதான் பிரச்சினை. பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று அன்று அறிவித்தார்கள். கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். வெள்ளத்தில் அடித்துப்போன மாட்டுக்கு உடல் எங்கே இருக்கிறது? காதுவில்லை எண், பால் சங்கத்தில் ஊற்றிய கணக்கு, தடுப்பூசிப் பதிவு, பக்கத்து வீட்டார் வாக்குமூலம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்க்கச் சொல். தப்பிய மாடுகளுக்கு நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலைப் போடவே கூடாது. காய்ந்த வைக்கோல் ஒரு லாரி வந்தால் பல வீடுகளில் மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பது நிற்கும்.

கடலோரத்தில் வேகம் வேறு. மீனவர்களின் படகுகள்தான் பல ஊர்களில் ஆட்களை மீட்டன. படகும் வலையும் தப்பியிருந்தால் அவர்கள் சீக்கிரம் கடலுக்குப் போய்விடுவார்கள். மூழ்கிய இஞ்சினை மட்டும் யாரும் அவசரப்பட்டு இயக்கிப் பார்க்காமல் இருக்க வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, எண்ணெய் மாற்றி, மெக்கானிக் பார்த்த பிறகே இயக்கலாம். வீட்டு மோட்டாருக்கும் இதேதான். காயாத சுருளில் மின்சாரம் போனால் கருகிவிடும். காயல்பட்டினத்துக்காரர்களுக்கு வெளிநாடுகளில் ஊர் நலமன்றங்கள் உண்டு, பணம் விரைவாக வந்து சேரும். அங்கே தேவைப்படுவது பெரும்பாலும் ஆள்பலம். வீட்டுப் பெண்களோடு பேசப் பெண் தன்னார்வலர்களை அனுப்பு.

தனியாக இருக்கும் வயதானவர்கள் வெளியூரிலிருக்கும் பிள்ளைகளிடம் போனில் 'இங்க ஒண்ணுமில்ல, நல்லா இருக்கோம்' என்பார்கள். உன்னிடமும் அப்படித்தான் சொல்வார்கள். வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பாதே. உள்ளே போய் மெத்தையைக் கையால் அழுத்திப் பார். இலவம்பஞ்சு மெத்தை மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் நடுவிலிருந்து தண்ணீர் வரும். அதில்தான் படுத்துக்கொண்டிருப்பார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை எத்தனை நாளாக இல்லை என்று கேள். மருந்துச் சீட்டும் போயிருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரிடம் அந்தப் பகுதி நோயாளிகளின் பட்டியல் இருக்கும், அதை வைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டியது கிணறு. இதைச் சரியாகச் செய்யாததால் முகாமில் தப்பியவர்கள் வீட்டுக்கு வந்து வயிற்றுப்போக்கில் விழுகிறார்கள். சேறு கலந்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் இறைக்க வேண்டும். சுற்றிலும் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது கிணற்றை ஒரேயடியாகக் காலி செய்தால் உறையோ செங்கல் சுவரோ உள்ளே சரியும். ஆகவே விட்டுவிட்டு இறைக்கட்டும். தெளிந்த ஊற்று வந்ததும் அளவு எடு: விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வழக்கமான அளவு, இங்கே சுமார் 24 கிராம். வெள்ளத்துக்குப் பின் இது போதாமல் போகலாம். பவுடரை நேராகக் கொட்டாதே. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் அசைக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பு வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைக் குப்பியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது குளோரின் காட்டவில்லை என்றால் மறுபடி போடு. பழைய, திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது.

படிவத்தில் இன்னும் ஒரு திருத்தம். குடும்ப அட்டையை அலகாக வைத்திருக்கிறாய். 2023-இல் அதிகம் பாதித்த வட்டங்களில் அட்டைக்கு 6,000 ரூபாயும் மற்ற இடங்களில் 1,000 ரூபாயும் கொடுத்தார்கள். ஒரே அட்டையில் இரண்டு அடுப்பு எரியும் வீடுகள் உண்டு. வாடகைக்கு இருப்பவரின் அட்டை வேறு ஊரில் இருக்கும். நீ அடுப்பை எண்ணு.

முதல் சுற்றோடு நிறுத்திவிடாதே. இரண்டாம் சுற்றுக்குப் பொங்கல் கழிந்து பத்து நாள் விட்டுப் போ. அப்போதுதான் வாழை சாய்ந்ததும் அளத்தில் வேலை தொடங்காததும் கண்ணுக்குத் தெரியும். நகை அடகில் இருக்கிறதா, கூட்டுறவு வங்கியிலா, தினவட்டிக்காரரிடமா என்று தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேள். முதல் நாள் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது சுற்று மே கடைசியில், பள்ளி திறக்கும் முன். எந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு நிற்கப்போகிறது என்பது அந்த வாரம்தான் தெரியும், மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்