துயர் யாருடையது? – நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். சில நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தடை நீங்கியதும் முதலில் எடுத்தது உன் கடிதத்தைத்தான், அப்புறம்தான் ஈட்டை, நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எழுந்த அந்த வைணவ உரையை. உன் பேத்தி தமிழ் இலக்கியம் படிக்கப் போகிறாள் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "பாசுரத்தை விட்டுவிட்டு உரையைக் கட்டிக்கொண்டு ஏன் கிடக்கிறாய்? உரைகாரர்கள் தங்கள் சமயக் கொள்கையைத்தானே கவிதைமேல் ஏற்றி வைத்தார்கள்?" என்று கேட்டிருந்தாய். ஆறு வருஷமாக இதையே படித்துக்கொண்டிருப்பவன் நான். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

திருவாய்மொழியின் முதல் பாசுரம் உனக்கு மனப்பாடம். "உயர்வற உயர்நலம் உடையவன் எவன் அவன்" என்று தொடங்கி, "துயரறு சுடரடி தொழுதெழென் மனனே" என்று முடியும். இந்தக் கடைசி அடியில் 'துயரறு' என்பதை மட்டும் எடுத்துக்கொள். வினைத்தொகை. நமக்கு வாத்தியார் ஊறுகாயையும் சுடுசோற்றையும் காட்டிக் கற்பித்த அதே வினைத்தொகை. 'அறு' என்பது அறுதலாகவும் இருக்கலாம், அறுத்தலாகவும் இருக்கலாம். பகுதி ஒன்றுதான், தன்வினையா பிறவினையா என்று சொல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. துயரை அறுக்கும் அடி என்றால் நம் துயரைப் போக்குகிற திருவடி. யாரும் எதிர்பார்க்கும் பொருள் அதுதான். முன்னோர் அப்படித்தான் சொன்னார்கள் என்று ஈடும் பதிவு செய்கிறது. கூடவே, எம்பெருமானார், அதாவது இராமாநுசர், வேறு மாதிரி சொல்வார் என்கிறது: ஆழ்வாருடைய துயர் தீர, அதனால் தான் துயர் தீர்ந்தவனாக இருக்கிறான் இறைவன். அதாவது, துயர் அற்றது அவனுக்கு.

முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதே பாசுரத்தின் முதல் அடியில் உயர்வுக்கெல்லாம் மேலான நலம் உடையவன் என்று சொன்ன ஒருவனுக்குத் துயரம் உண்டு என்கிறார். அந்தத் துயரம் நம்மால் வந்தது, நாம் தேறினால் அவன் தேறுவான் என்கிறார். அயோத்தியா காண்டத்தில் ஒரு வரி வருமே, ஊரார்க்குத் துன்பம் நேர்ந்தால் இராமன் மிகவும் துக்கப்படுவான் என்று. அந்த இராமனை இந்த ஒற்றை வினைத்தொகைக்குள் பார்த்திருக்கிறார் அந்த மனிதர். உயிர் இறைவனின் சொத்து, சொத்து தொலைந்தால் நஷ்டம் சொத்துக்கு இல்லை, உடையவனுக்குத்தான் என்று வைணவ ஆசாரியர்கள் பின்னால் விரித்துப் பேசினார்களே, அந்தப் பேச்சுக்கெல்லாம் உயிர் இங்கே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதில் இன்னொன்றையும் யோசித்துப் பார். இராமாநுசர் எழுதியவை என்று நமக்குக் கிடைத்திருக்கும் ஒன்பது நூல்களும் வடமொழியில் இருக்கின்றன. தமிழ்ப் பாசுரத்தை அவர் எப்படிப் படித்தார் என்று தெரிந்துகொள்ள அவர் கைப்பட எழுதியது ஒரு வரிகூட இல்லை. அவரிடம் கேட்டவர்கள், அவர்களிடம் கேட்டவர்கள் என்று வாய்வழியாக வந்து வியாக்கியானங்களில் தங்கியதுதான் மிச்சம். உரையைத் தள்ளிவிட்டால் அந்தக் குரலும் போய்விடும்.

ஈடு பிறந்த விதத்தை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரியில் நீ எழுதிய வகுப்புக் குறிப்பைப் பார்த்துத்தானே நான் பாஸ் செய்தேன்? ஈடும் அப்படி ஒரு வகுப்புக் குறிப்புதான். 13ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை என்ற ஆசாரியர் பகலில் காலட்சேபம் சொல்ல, அவர் சீடர் வடக்குத் திருவீதிப்பிள்ளை வீட்டுக்குப் போய் இரவில் அதை ஏட்டில் எழுதினார். அளவை வைத்து அதற்கு முப்பத்தாறாயிரப்படி என்றும் பெயர். ஒரு படி என்பது ஒற்று நீக்கி 32 எழுத்து. பெருக்கிப் பார், 11,52,000 எழுத்து, எழுத்தாணியால் ஓலையில்! தம்மைக் கேட்காமல் எழுதினார் என்று நம்பிள்ளை அந்த ஏடுகளை வாங்கி வைத்துக்கொண்டாராம். பிறகு ஈயுண்ணி மாதவப்பெருமாள் என்ற சீடரிடம் கொடுத்தார். அவர் வழியாகத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக் காஞ்சிபுரம் வரை போனது என்கிறது குருபரம்பரைக் கதை. 1323இல் திருவரங்கம் சூறையாடப்பட்டது. அரங்கனின் உற்சவ மூர்த்தியான நம்பெருமாள் 1371இல்தான் கோயிலுக்குத் திரும்பினார். அந்த இடைவெளியில் அரங்கத்திலேயே இருந்திருந்தால் ஏடுகள் என்னவாகியிருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. பின்னால் மணவாள மாமுனிகள் என்ற ஆசாரியர் அதே திருவரங்கத்தில் ஒரு வருஷம் முழுக்க ஈட்டைக் காலட்சேபம் செய்தார்.

போன மாதம் ஒரு சுவடி நூலகத்தில் ஈட்டு ஏடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். புல் எண்ணெய் வாசம். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, தமிழெழுத்துக்கு நடுவே கிரந்த எழுத்து. துயரறுசுடரடி என்று ஒரே ஓட்டமாக ஓடுகிறது. சற்றுத் தள்ளி 'அன்றிக்கே' என்ற சொல் கண்ணில் பட்டதும் மனசு துள்ளியது. இப்படியும் கொள்ளலாம் என்பதற்கு ஈட்டில் வரும் சொல் அது. ஒரு பொருளைச் சொல்லி, 'அன்றிக்கே' என்று இன்னொன்றைச் சொல்லி, சில இடத்தில் மூன்றாவதையும் சொல்வார்கள். பட்டர் நிர்வாகம் (அவர் கொண்ட பொருள்) இது, நஞ்சீயர் சொன்னது இது என்று ஆசாரியர்களின் பெயரோடு சொல்வார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க மாட்டார்கள். கொள்கையை ஏற்றி வைப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இத்தனை வேறுபட்ட பொருள்களைக் காப்பாற்றியிருப்பார்களா?

ஆனால் நீ சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். "அஞ்சிறைய மடநாராய்" பதிகத்தில் தலைவி நாரையைத் தூது விடுகிறாள். நீயும் உன் சேவலும் 'ஆஆ' என்று எனக்கு இரங்க மாட்டீர்களா என்கிறாள். அந்த 'ஆஆ'வில் என் நெஞ்சு கரைந்துவிடும். பறவை என்றால் ஆசாரியன், சிறகு இரண்டும் ஞானமும் அனுட்டானமும் என்று அந்த மரபில் பொருள் சொல்வார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அது ஒட்டவில்லை. எனக்கு அங்கே நாரை நாரையாகவே இருக்க வேண்டும். என் கட்டுரையிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஈட்டின் நடை கடினம்தான், தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளம். பு. ரா. புருஷோத்தம நாயுடு செய்த ஈட்டின் தமிழாக்கத்தை, சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதியாக வெளியிட்டதை, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். உன் பேத்திக்கும் அதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்.

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால் நாலு நாள் தங்கிப் போகிற மாதிரி வா. ஈட்டில் வரும் வடமொழி மேற்கோள்களில் நாற்பதுக்கு மேல் எங்கிருந்து எடுத்தவை என்று எனக்குப் பிடிபடாமல் கிடக்கின்றன. உனக்குத்தான் இராமாயணமும் விஷ்ணு புராணமும் நாக்கு நுனியில் இருக்கிறதே. பட்டியலைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பத்தை மட்டும் இப்போதே பார்த்து எழுதிப் போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்