தவறிய நாளுக்கும் ஒரு விதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தியானம், மன வளர்ச்சி, சுயமுன்னேற்றம் என்று பத்திரிகைகளில் வருகிற பகுதிகளை ஒன்றுவிடாமல் படிக்கிறவள் நான், உங்கள் பத்திரிகையில் வருவதையும் சேர்த்துத்தான். நல்ல நோக்கத்தோடு எழுதப்படுகிறவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு குறை இருக்கிறது, நேராகவே சொல்லிவிடுகிறேன். அதிகாலையில் எழுவது, மூச்சுப்பயிற்சி, தியானம், நல்ல நூல் வாசிப்பு, நன்றிக் குறிப்பு எழுதுவது, கொஞ்ச நேர மௌனம் என்று எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளுக்குத்தான் எல்லோரும் திட்டம் போட்டுத் தருகிறார்கள். நடக்காமல் போன நாளில் என்ன செய்வது என்று யாரும் எழுதுவதில்லை. நான் பார்த்தவரை, இப்படிப்பட்ட பயிற்சிகளைப் பாதியில் விட்டவர்கள் விட்டது அந்த ஒரு நாளில்தான்.

எனக்கு நெருக்கமான ஒருவர் தன் திட்டத்தை வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். நாலரை மணிக்கு எழுவது, இருபது நிமிடம் மூச்சுப்பயிற்சி, நாற்பது நிமிடம் தியானம், அரை மணி வாசிப்பு, இரவில் டைரி, வாரத்தில் ஒருநாள் மௌனம், கடைசி வரியாகக் ‘கோபத்தைக் குறைக்க வேண்டும்’. இரண்டாவது வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு இரவு நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி உட்கார்ந்திருந்தார், மூன்றாம் நாள் காலையில் காலியாகக் கிடந்த கட்டங்களைப் பார்த்ததும் ‘நமக்கெல்லாம் இது சரிப்படாது’ என்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். அந்த இரண்டு இரவும் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சிடுசிடுக்கவில்லை. கடைசி வரி எதற்காக எழுதப்பட்டதோ அது நடந்துகொண்டுதான் இருந்தது, அதைக் குறித்துக்கொள்ளத் தாளில் இடமில்லை, அவ்வளவுதான்.

இப்படி மனம் விட்டுப்போவதற்கு ‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்ற பேச்சும் ஒரு காரணம். இது பரவியதற்குப் பின்னால் இருப்பவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகுவதற்குக் குறைந்தபட்சம் 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். கண்ணாடியில் தெரிகிற முகத்துக்குப் பழகுவது பற்றிய, அதுவும் குறைந்தபட்சக் கணக்கு அது. கைமாறிக் கைமாறி, எந்த நல்ல பழக்கமும் மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிடும் என்று ஆகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே தானாக வருகிற அளவுக்குப் பழக ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள், நடு அளவு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பேன்: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. தண்ணீர் குடிப்பதற்கும் நடப்பதற்குமே இவ்வளவு நாள் என்றால், கோபம் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வதற்கு 22-ஆம் நாள் காலையில் தேர்ச்சி வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நமக்கு நாமே செய்துகொள்கிற கொடுமை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி, யோகத்துக்கு வரும் தடைகளை ஒன்பதாக வரிசைப்படுத்துகிறார். முதலில் என்ன வைத்திருக்கிறார் தெரியுமா, நோய். உடம்புக்கு முடியாமல் போவது. அப்புறம் மந்தம், சந்தேகம், கவனக்குறைவு, சோம்பல் என்று போய், கடைசியில் எட்டிப் பிடித்த நிலையில் நிற்க முடியாமல் போவதைச் சொல்கிறார். முன்னேறியவனுக்கும் சறுக்கல் வரும் என்பதை அவர் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு அவர் சொல்கிற மருந்தும் இன்னும் நாலு பயிற்சியைச் சேர்ப்பது அல்ல, ஒன்றையே பிடித்துப் பழகுவதுதான். அவர் சொல்கிற எட்டுப் படிகள் கொண்ட அட்டாங்க யோகத்தின் வரிசையையும் கொஞ்சம் பாருங்கள். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. நாம் போனில் தியானச் செயலியை இறக்கிக்கொண்டு முதல் நாளே உட்கார்கிற தியானம் அந்த வரிசையில் ஏழாவது. முதலாவதான இயமத்தில் அவர் சொல்வது பிறரைத் துன்புறுத்தாமை, பொய் சொல்லாமை, திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை. அதாவது கண்ணை மூடுவதற்கு முன், கண்ணைத் திறந்துகொண்டு மனிதர்களோடு எப்படி நடந்துகொள்கிறோம் என்பது. முதல் ஆறையும் முழுசாக முடித்துவிட்டுத்தான் தியானத்துக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படிப் பார்த்தால் யாருமே ஆரம்பிக்க முடியாது. ஆனால் தன் திட்டத்தில் நடத்தை பற்றி ஒரு வரிகூட இல்லாமல் வெறும் உட்காரும் நேரத்தை மட்டும் எழுதி வைத்திருப்பவர்கள் அதைத் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆகவே ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை, முதலில் பயிற்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்களிடம் உங்களுக்கே பிடிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒன்று. வீட்டில் இருப்பவர்களிடம் எரிந்து விழுவதா, அடுத்தவர் பேசும்போது குறுக்கே புகுவதா, வாக்குக் கொடுத்துவிட்டு மறப்பதா, படுக்கையில் போனைப் பார்த்துப் பார்த்தே தூக்கத்தைத் தொலைப்பதா? அதை வெட்கப்படாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். எது என்று தெரியவில்லை என்றால் வீட்டில் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் இருபதுகளில் இப்படித்தான் நற்குணங்களைப் பட்டியல் போட்டார். முதலில் எழுதியது பன்னிரண்டு, ‘உனக்குக் கர்வம் அதிகம்’ என்று ஒரு நண்பர் சொன்னதால் பதின்மூன்றாவதாகப் பணிவைச் சேர்த்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடித்தால் கவனம் சிதறும் என்று வாரத்துக்கு ஒரு குணம் வைத்துக்கொண்டார், 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. சின்ன நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைப்பார். புதுச் சுற்று தொடங்கும்போது பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அந்த நோட்டே ஓட்டை ஓட்டையாகிவிட, அழித்து எழுத வசதியான தந்தத் தகடுகளுக்கு மாறினார் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தான் நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் மிக அதிகம் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகவும், அவை குறைந்து வருவதைப் பார்ப்பதில் திருப்தி இருந்ததாகவும் சொல்கிறார். ஒழுங்கு என்ற குணம் மட்டும் அவருக்குக் கடைசிவரை வசப்படவே இல்லை. அதற்காக அவர் நோட்டைத் தூக்கி எறியவில்லை, பாருங்கள்.

குறையைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்றால், அதற்கு மாற்றாக ஒரு சின்னச் செயலை, நாளில் ஏற்கனவே நடக்கிற ஏதாவது ஒன்றோடு சேர்த்து எழுதுங்கள். ‘பொறுமையாக இருப்பேன்’ என்று எழுதினால் நடக்காது, எப்போது எங்கே என்று அதில் இல்லை. ‘வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும், யாரோடும் பேசுவதற்கு முன் வாசலிலேயே நின்று பத்து மூச்சு நிதானமாக விடுவேன்’ என்று எழுதினால் நடக்க வாய்ப்பிருக்கிறது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்துக்கொள்வது வெறுமனே குறிக்கோள் வைத்துக்கொள்வதைவிட அதிகம் பலன் தருகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இலேயே எழுதியிருக்கிறார். இதே முறையைத் தவறிய நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் இந்தக் கடிதம் எழுதவே காரணம். ‘காலையில் உட்கார முடியாமல் போனால், இரவு விளக்கை அணைத்ததும் மூன்று நிமிடம் உட்காருவேன். அதுவும் முடியவில்லை என்றால் நாளைக் காலை வழக்கமான நேரத்துக்கே வருவேன், விட்டுப்போனதை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டு மடங்கு உட்கார மாட்டேன்.’ இந்தக் கடைசிப் பகுதி முக்கியம். ஈடுகட்டப் போனால் அது அபராதம் மாதிரி ஆகிவிடும், அபராதம் கட்ட யாருக்கும் பிரியமாகக் கால் வராது.

அப்புறம் அந்த மூன்று நிமிடம் ஏமாற்று வேலை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. உடம்பு சரியில்லாத நாளிலும், விருந்தாளிகள் நிறைந்த வீட்டிலும், பயணத்திலும் செய்யக்கூடிய குறைந்த அளவு என்ன என்பதை நல்ல நாளில் உட்கார்ந்து முடிவுசெய்து வைத்தவர்தான் ஆறு மாதம் கழித்தும் பயிற்சியில் இருப்பார். இதில் எனக்கு உறுதியான நம்பிக்கை.

இரவில் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்பது வேண்டும், ஆனால் அது எந்தத் தொனியில் என்பதில் கவனம் தேவை. சுமார் இரண்டாயிரம் வருடம் முன்பு ரோமில் செனெகா என்ற தத்துவ அறிஞர் தன் இரவு வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். விளக்கை எடுத்துச் சென்றபின், அவருடைய வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் திரும்பப் பார்ப்பார். எதையும் மறைப்பதில்லை. அந்த வாக்குவாதத்தில் சூடாகப் பேசிவிட்டாய், இன்னாரைக் கண்டித்தது அளவுக்கு மீறியது என்று தனக்கே எடுத்துச் சொல்லிவிட்டு, இனி இப்படிச் செய்யாதே, இந்தத் தடவை மன்னித்தேன் என்று முடிப்பார். நம்மில் நிறையப் பேர் முதல் பாதியைச் செய்கிறோம், மன்னிக்கிற பாதியைச் செய்வதில்லை. ராத்திரி பத்தரை மணிக்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு படுக்கிறவர் மறுநாள் காலையில் புத்துணர்ச்சியோடு எழுந்து அடுத்தவரிடம் கனிவாக எப்படிப் பேசுவார்?

போனில் இருக்கிற தியானச் செயலிகள் பற்றியும் சொல்ல வேண்டும். மணி அடிப்பதற்கும் நேரம் பார்ப்பதற்கும் அவை நல்லவை. தொடர்ந்து இத்தனை நாள் என்று காட்டி, ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகிற எண் இருக்கிறதே, அதை மறைத்து வைக்க வழியிருந்தால் மறைத்துவிடுங்கள். வழியில்லாவிட்டால் நோட்டும் பேனாவும் போதும். அதைவிட நல்ல அளவுகோல் கூட இருப்பவர்கள்தான். இரண்டு மூன்று மாதம் கழித்து ‘முன்பு மாதிரி நீ கத்துவதில்லை’ என்று வீட்டில் ஒருவர் போகிற போக்கில் சொன்னால் அந்தத் திட்டம் வேலை செய்கிறது. தியானத்தில் வெளிச்சம் தெரிந்தது, உடம்பு லேசானது என்பதெல்லாம் இருக்கட்டும், அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். எல்லோருக்கும் தியானம் ஒரே மாதிரி இதமாக இருக்கும் என்றும் சொல்லாதீர்கள். சிலருக்கு, குறிப்பாகப் பெரிய அதிர்ச்சியிலிருந்தோ மனச்சோர்விலிருந்தோ மீளாதவர்களுக்கு, நீண்ட நேரம் கண்ணை மூடி உட்காருவது பயத்தையும் பதற்றத்தையும் கூட்டுவதுண்டு. அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது, நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ அனுபவமுள்ள வழிகாட்டியிடமோ பேச வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனிமேல் இப்படிப்பட்ட பயிற்சித் திட்டங்களை வெளியிடும்போது, எழுதுகிறவர்களிடம் ‘தவறிய நாளில் என்ன செய்ய வேண்டும்’ என்ற பகுதியையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். பல வருடமாகப் பயிற்சியில் இருக்கும் வாசகர்கள் இடையில் விட்டுப்போனபோது எப்படித் திரும்ப வந்தார்கள் என்று நாலைந்து வரியில் எழுதச் சொல்லி, வாரம் ஒன்று வெளியிட்டாலும் போதும். முதல் வாரத்தில் இருப்பவர்களுக்கும், தாளைக் கிழித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி