வேலை பார்த்தவருக்கும் உதவித்தொகை கொடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கல்வி அறக்கட்டளை நடத்தும் பெரியவர்களுக்கு வணக்கம்.

எம்.பி.ஏ. படிப்புக்கு நீங்கள் தரும் உதவித்தொகையைப் பற்றி எழுதுகிறேன். கல்லூரி முடித்த கையோடு சேர்கிற பிள்ளைக்கு அது எளிதில் கிடைக்கிறது. நான்கைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களை, வயது கடந்துவிட்டதென்று சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் மேலாண்மைப் பாடம் நடத்துகிறவன். நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம் பற்றிச் சொல்லும்போது, புதிதாக பி.காம். முடித்தவர் சூத்திரத்தை எழுதிக்கொள்கிறார். சிமெண்ட் ஏஜென்சியில் பாக்கி வசூலுக்கு அலைந்தவரோ, "சரக்கெல்லாம் விற்றும் சம்பளம் போடக் காசில்லாமல் போனது இதனால்தானா?" என்று கேட்கிறார். அதன்பின் வகுப்பே நிமிர்ந்து உட்காருகிறது.

கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன நம் செட்டிநாட்டார் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை வேலையில் தொடங்கி, அடுத்தாள் என்ற உதவியாளராகி, அதன்பிறகே கடைப் பொறுப்பை ஏற்றார்கள். அதற்காகப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் எம்.ஏ. முடித்து லண்டனில் சட்டம் பயின்றவர். அங்கேயே ஒரு வங்கியில் பயிற்சியும் பெற்றார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பட்டத்தின் பெயரில் ஒன்றுமில்லை. 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்), 2017ஆம் ஆண்டு ஐ.ஐ.எம். சட்டம் வரும்வரை எம்.பி.ஏ. பட்டம் தரவில்லை, முதுநிலை டிப்ளமாதான் தந்தது. அதை வைத்தே அதன் மாணவர்கள் பெரிய நிறுவனங்களின் தலைமைக்கு வந்தார்கள். அனுபவசாலிகளுக்கென்றே ஓராண்டுப் படிப்பும் அங்கே நடக்கிறது.

முனைவர் பட்டம் வேறு வகை. கற்பிக்கவும் ஆராயவும் விரும்புகிறவர்களுக்கு அது தேவை. கம்பெனியில் பதவி உயர்வை மட்டும் எண்ணி யாரும் அதில் இறங்க வேண்டாம்.

வயது வரம்பு அதிகம் அடிப்பது பெண்களைத்தான். திருமணம், பிள்ளைப்பேறு என்று வேலையை விட்டவர்கள் முப்பத்தைந்தில் திரும்பி வர நினைக்கும்போது கதவு சாத்தியிருக்கிறது. அவர்களில் வீட்டுத் தொழிலின் கணக்கை வருடக்கணக்கில் பார்த்தவர்கள் உண்டு. அதுவும் அனுபவம்தான் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த கல்வியாண்டு விண்ணப்பத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் வயது வரம்பை எடுத்துவிடுங்கள். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்குங்கள். வேலையை விட முடியாமல் அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. படிக்கிறவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஆள் வேண்டுமென்றால், ஊதியம் இல்லாமல் நான் வருகிறேன்.