தண்ணீர் வரும் வழியைத் தேடாத பூஞ்சை ஆய்வு: புகார்க் கடிதம்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்கள்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கட்டடப் பூஞ்சை ஆய்வு நிறுவனம்.

பொருள்: பழைய வீட்டில் நடந்த பூஞ்சை ஆய்வில் சேவைக் குறைபாடு – மறு ஆய்வு அல்லது முழுக் கட்டணத்தைத் திரும்பக் கோருதல்.

பார்வை: நவம்பர் கடைசி வாரம் நடந்த ஆய்வு, அதன் 22 பக்க அறிக்கை, ரூ.1,46,000-க்கான சிகிச்சை மதிப்பீடு.

அன்புடையீர், வணக்கம்.

ஆய்வுக் கட்டணமாக ரூ.18,500 செலுத்தினோம். வீட்டில் பூஞ்சை இருக்கிறது என்று அறிக்கை சொல்கிறது. அது கண்ணுக்குத் தெரிந்ததால்தான் உங்களைக் கூப்பிட்டோம். பதிவு செய்தபோதே நாங்கள் எழுதிக் கொடுத்த கேள்வி ஒன்றுதான்: இந்தச் சுவர்களுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது? 22 பக்கத்திலும் இதற்குப் பதிலாக ஒரு வரிகூட இல்லை.

வீட்டைப் பற்றி உங்கள் ஊழியர் குறித்துக்கொள்ளாத விவரங்களை இங்கே எழுதுகிறோம். ஒன்றரை அடி கனமுள்ள செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மேலே மங்களூர் ஓடு, அதன் கீழே பலகை மச்சு. முன்னறைகள் இரண்டிலும் மரப்பலகைத் தளம், அதற்கு அடியில் ஒன்றரை அடி வெற்றிடம். பின்னறை, மலைச்சரிவை வெட்டிய மேட்டை ஒட்டி நிற்கிறது. பின்னாளில் யாரோ பின்னறைச் சுவரின் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். பூஞ்சை நான்கு இடத்தில் இருக்கிறது: பின்சுவரின் கீழ் மூன்றடி, கணப்படுப்புப் புகைபோக்கியின் மேல் பகுதி, வடமேற்கு மூலையில் பீரோவின் பின்புறம், குளியலறை மச்சு. இந்த நான்குக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. அறிக்கையோ நான்கையும் ஒரே தலைப்பில் போட்டு ஒரே மருந்தைச் சொல்கிறது.

ஆய்வு நடந்தது 40 நிமிடம். அதில் ஒரு நிமிடம்கூட வீட்டின் வெளிப்புறத்துக்குக் கிடைக்கவில்லை. குன்னூர் அதிகம் நனைவது வடகிழக்குப் பருவமழையில்தான். அந்தப் பருவத்தில் வந்தும் வெளியே போகாதது எங்களுக்குப் பெரிய வருத்தம். போயிருந்தால் பத்தே நிமிடத்தில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கும். பின்பக்கம் மேட்டு மண் சரிந்து, உள்தளத்தைவிட ஒன்றே முக்கால் அடி உயரத்துக்குச் சுவர்மேல் சாய்ந்து கிடக்கிறது. சரிவிலிருந்து இறங்கும் நீரைத் திருப்பிவிட வேண்டிய வாய்க்கால் இலைச் சருகால் அடைந்திருக்கிறது. பலகைத் தளத்துக்கு அடியில் காற்றோட்டத்துக்காக விட்ட ஆறு துவாரங்களில் நான்கு மண்ணால் மூடியிருக்கின்றன. பழைய வீட்டை ஆராய்பவர் முதலில் வெளியே சுற்றி வருவது இதற்காகத்தான்: கூரை, தகர ஓடை, இறக்குக் குழாய், தரைமட்டம், பிறகுதான் உள்ளே. மச்சின் மேலே டார்ச்சோடு ஏறிப் பார்க்கவில்லை. தளத்தின் அடியில் இறங்க முன்னறையில் மூடிப்பலகை இருக்கிறது. அதைத் திறந்து காட்டுகிறோம் என்று சொன்னோம், தேவையில்லை என்றார் உங்கள் ஊழியர். தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்களின் நுனி ஈரச் சுவருக்குள் நுழைகிற இடம்தான் இந்த மாதிரி வீடுகளில் முதலில் உளுத்துப்போகும். அங்கே ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, ஈரமானியை வைத்து மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது அடிப்படை வேலை.

செய்த அளவீடுகளிலும் தவறு இருக்கிறது. பின்சுவரில் "99 சதவீதம் ஈரம்" என்று அறிக்கை சொல்கிறது. அது ஊசி வைத்த மின்தடை ஈரமானி. மரத்துக்காக அளவு குறித்த கருவி. சுவரில் வைத்தால் அது காட்டும் எண் ஒப்பீட்டுக்கு மட்டுமே உதவும். செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டாலும் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பது சாதாரண வகைச் செங்கல்லுக்கான இந்தியத் தரநிலை. சுவரே 99 சதவீதம் தண்ணீர் என்றால் அது சுவராக நிற்காது. அந்த எண் அவ்வளவு ஏறியதற்குக் காரணம் உப்பு. மண்ணிலிருந்து ஓதத்தோடு, அதாவது சுவரில் ஊறி ஏறும் ஈரத்தோடு, வரும் உப்பு காரையில் தங்கி, மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது. சுவர் ஓரளவு காய்ந்திருந்தாலும் மானி உச்சத்துக்குப் போகும். உண்மையான ஈரம் வேண்டுமென்றால் சுவரைத் துளைத்து, வெவ்வேறு ஆழத்திலும் உயரத்திலும் தூள் எடுத்து, கால்சியம் கார்பைடு குப்பியில் போட்டுக் குலுக்கி, உண்டாகும் வாயுவின் அழுத்தத்தைப் படிக்க வேண்டும். அந்தக் கருவி உங்கள் விளம்பரப் படத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அதே சுவரின் வெள்ளைப் பொடியை "வெள்ளைப் பூஞ்சை" என்று படம் போட்டிருக்கிறீர்கள். அது உப்புப் பூத்தது. ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்தால் கரைந்துவிடுகிறது. பூஞ்சை அப்படிக் கரையாது. புகைபோக்கியை ஒட்டிய மச்சுப் பலகையின் கருமையை "நச்சுக் கரும்பூஞ்சை" என்று சிவப்பு எழுத்தில் குறித்திருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி வெறும் புகைக்கரி. ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்திருந்தால் கரி எது, பூஞ்சை எது என்று பிரிந்திருக்கும். அந்த மாதிரி எடுக்கப்படவே இல்லை. நிறத்தை மட்டும் வைத்துப் பூஞ்சையின் வகையையோ நஞ்சையோ சொல்ல முடியாது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு வாசகத்தை எழுதிக் கொடுப்பதற்கு முன் யோசித்திருக்க வேண்டும்.

வெப்பப் படக்கருவியின் நீலத் திட்டுகளையெல்லாம் "ஈரம்" என்று வட்டமிட்டிருக்கிறீர்கள். அந்தக் கருவிக்கு ஈரம் தெரியாது, மேற்பரப்பின் குளிர்ச்சிதான் தெரியும். ஓட்டுக்கு அருகில் இருக்கும் சுவர் விளிம்பு இரவுக் குளிரில் எப்போதும் நீலமாகத்தான் தெரியும். ஒவ்வொரு திட்டிலும் ஈரமானியை வைத்து உறுதி செய்த பிறகே அதை ஈரம் என்று எழுத வேண்டும்.

காற்று மாதிரி விஷயம் இவற்றைவிடக் கவலைக்குரியது. பின்னறையில் உங்கள் ஊழியர் முதலில் உலர்ந்த தூரிகையால் சுவரைச் சுரண்டினார். ஐந்து நிமிடம் கழித்து அதே அறையில் காற்று மாதிரியை உறிஞ்சும் பம்ப்பை ஓட்டினார். தூசியைக் கிளப்பிவிட்டு அந்தத் தூசியையே எண்ணியதுபோல ஆகிவிட்டது. மற்ற அறைகளில் காலையிலிருந்து ஜன்னல்கள் திறந்தே இருந்தன. ஆகவே அங்கே எண்ணியது தேயிலைத் தோட்டத்துக் காற்றை. வீட்டை முதல்நாளே மூடி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வெளிக்காற்றில் ஒரு மாதிரிகூட எடுக்கவில்லை. பூஞ்சை வித்து இல்லாத காற்று எங்கேயும் கிடையாது. வெளியே எவ்வளவு, எந்த வகை என்று தெரியாமல் உள்ளே உள்ள எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

எண்ணிக்கையையும் பாருங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர், ஐந்து நிமிடம், ஆக 75 லிட்டர் காற்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 75 லிட்டரில் ஒரே ஒரு வித்து கண்ணில் பட்டால் கன மீட்டருக்கு 13 என்று வரும். பம்ப்பின் காற்றோட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டரைச் சமவெளியில் சரிபார்த்துவிட்டு, காற்று மெலிந்த 1,850 மீட்டர் உயரத்தில் பயன்படுத்தியிருந்தால் அது 12-ஐ ஒட்டி வரும், அவ்வளவுதான். உங்கள் அட்டவணையில் ஒரு வகைக்கு "5" என்று இருக்கிறது. அரை வித்துக்கும் குறைவானதை எப்படி எண்ணினீர்கள்? மேலும், பம்ப் உறிஞ்சிய காற்றிலிருந்து வித்துகள் ஒட்டிக்கொண்ட தட்டை நுண்ணோக்கியில் பார்த்து "ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்" என்று இனம் வரைக்கும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த முறையில் ஆஸ்பெர்ஜில்லஸ் வித்தையும் பெனிசிலியம் வித்தையும் நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது. இரண்டையும் சேர்த்து ஒரே வகையாகத்தான் எழுதுவார்கள். இனத்தின் பெயர் வேண்டுமென்றால் வளர்ப்பூடகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். வளர்த்ததற்கான குறிப்பு எதுவும் இல்லை. "அனுமதிக்கப்பட்ட அளவு 500" என்ற வரி எங்கிருந்து வந்தது என்றும் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட ஓதமும் பூஞ்சையும் பற்றிய வழிகாட்டுதலில் அப்படி ஒரு எண் வரம்பு இல்லை. ஓதத்தை நீக்குங்கள் என்பதுதான் அது சொல்வது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வரம்பு வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை இருந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கவே தேவையில்லை என்கிறது. ஆய்வுக் கட்டணத்தின் பெரும்பகுதி மாதிரிக்கு என்று ரசீதில் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

உங்கள் அறிக்கை வந்த பிறகு 50 ரூபாய்க்குள் ஒரு சோதனை செய்தோம். இரண்டடி சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, 48 மணி நேரம் விட்டோம். பின்சுவரில் தாளின் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அங்கே தண்ணீர் சுவருக்கு உள்ளிருந்து வருகிறது. வடமேற்கு மூலையில் தாளின் அறைப்பக்கம் நனைந்தது. அங்கே அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இதற்கு வியர்த்து ஒழுக வேண்டும் என்றுகூட இல்லை. 18 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில், சுவர் ஒரு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்திருந்தாலே அதன் மேற்பரப்பில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும். பூஞ்சை வளர அது போதும். பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப்போட்டு, காலையில் எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவைப்பதுதான் அதற்கு முதல் மருந்து. புகைபோக்கி மூன்றாவது வகை: ஓடும் செங்கல்லும் சேருமிடத்தில் மடித்துப் போட்ட தகரம் கிழிந்திருக்கிறது, மழை பெய்தால் மட்டும் கறை விரிகிறது. குளியலறையில் நீராவி வெளியேற வழியில்லை.

இந்த நான்குக்கும் சேர்த்து நீங்கள் கொடுத்த மதிப்பீடு: கிருமிநாசினிப் புகை அடித்தல், பூஞ்சைத் தடுப்பு ப்ரைமர் ஒரு கோட், நீர்புகாப் பெயிண்ட் இரண்டு கோட். பின்சுவரில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று கட்டட வேலை தெரிந்த எந்தக் கொத்தனாரும் சொல்வார். சுவர் மூச்சுவிட இருக்கும் கடைசி வழியும் அடைபடும். வெளியேற முடியாத ஓதம் மூன்றடியிலிருந்து இன்னும் மேலே ஏறும். பெயிண்ட் கொப்புளித்து உப்போடு உரியும். ஓதம் பக்கச் சுவர் வழியாக மரத்தளத்துக்குப் பரவினால் சட்டங்களும் போகும். புகை அடிப்பதால் பூஞ்சை செத்தாலும் அதன் உடல் அங்கேயேதான் இருக்கும், செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும். அதை நீக்கித்தான் ஆக வேண்டும்: அறையைப் பாலித்தீனால் தடுத்து, என்95 முகக்கவசம் போட்டு, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவத்தால் உறிஞ்சி, ஈரத் துணியால் துடைத்து. உலர்ந்த தூரிகையை அருகிலேயே கொண்டுவரக் கூடாது. பின்சுவருக்கு உண்மையில் வேண்டிய வேலை வெளியே இருக்கிறது. மண்ணை உள்தளத்துக்கு அரை அடி கீழே வரை வெட்டி எடுத்து, வாய்க்காலைச் சீர்செய்து, சிமென்ட் பூச்சை உரித்து, சில மாதம் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்புக் காரை பூசி, வெள்ளையடிப்பது.

ஆய்வு செய்கிற நிறுவனமே சிகிச்சையையும் விற்பதில் உள்ள சிக்கலையும் நேராகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் விளம்பரம் "அமெரிக்கத் தரம்" என்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 2016 முதல் ஒரே வீட்டில் ஆய்வையும் நீக்கும் வேலையையும் ஒரே நிறுவனம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. டெக்சாஸிலும் அப்படித்தான். அதன் காரணம் எங்கள் கையில் இருக்கும் உங்கள் அறிக்கை, மதிப்பீடு இரண்டிலும் தெரிகிறது.

எனவே எங்கள் கோரிக்கை. ஈரமானி, கார்பைடு குப்பி, ஏணி, டார்ச் ஆகியவற்றோடு கட்டட அனுபவமுள்ள ஒருவரை அனுப்பி, மழை பெய்து 48 மணி நேரத்துக்குள், வெளிப்புறம், மச்சு, தளத்தின் அடிப்பகுதி உட்பட மறு ஆய்வு செய்யுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தண்ணீர் வரும் வழி எது என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். அது முடியாதென்றால் ரூ.18,500 முழுவதையும் திருப்பித் தாருங்கள். எதுவானாலும், ஆய்வுக்கூடத்தின் மூல எண்ணிக்கைத் தாளும், மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவும் எங்களுக்கு வேண்டும். "நச்சுக் கரும்பூஞ்சை" என்ற வாசகத்தை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும், ஏனென்றால் நாளைக்கு வீட்டை வாடகைக்கு விடும்போதோ விற்கும்போதோ அந்தத் தாள்தான் முன்னால் நிற்கும். சிகிச்சை மதிப்பீட்டை நாங்கள் ஏற்கவில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாட்டுக்காக நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வோம். மறு ஆய்வுக்கு வருவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகத் தெரிவியுங்கள். வீட்டை மூடிவைத்து, தளத்தின் மூடிப்பலகையைத் திறந்து, ஏணியும் தயாராக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள்

இணைப்பு: கட்டண ரசீது நகல், ஆய்வறிக்கை நகல், பாலித்தீன் சோதனைப் படங்கள் 6, பின்பக்க மண்மட்டத்தை அளவுகோலோடு காட்டும் படங்கள் 2.